பன்னிரண்டு சந்தேகங்கள்

அங்க உக்காராதீங்க கண்ணு. அது எச்.ஓ.டி. சீட்டு. பேரு எழுதி ஒட்டலை, ஆனா இந்த பஸ்ல ஏறுற எல்லாருக்கும் தெரியும். முன்னாடி வரிசை எச்.ஓ.டி.ங்களுக்கு, அதுக்குப் பின்னாடி புரொபசருங்க, கடைசியா டயர் மேல குதிக்கற சீட்டெல்லாம் உங்களை மாதிரிப் புதுசா வர்றவங்களுக்கு. இன்னிக்கு முத நாளுதானே, வாங்க, என்ற பக்கத்துலயே உக்காருங்க. தங்கவேல் சார் ரெண்டு ஸ்டாப்பு தள்ளி ஏறுவாரு. ஏறுனதும் எந்திரிச்சு ஒரு வணக்கம் வெச்சிருங்க. அவருதான் இப்ப நம்ம டிபார்ட்மெண்ட்டுக்கு எச்.ஓ.டி. நியாயமாப் பாத்தா அந்த சீட்டு எனக்கு வந்திருக்கோணும்.

என்ற பேரு கலாமணி. பவுண்டேஷன் இன்ஜினியரிங், கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடற பாடம். உங்களுக்கு எந்த கிளாஸ் குடுத்திருக்காங்க? நாலாம் வருசம் பி செக்‌ஷனா? ஐயோ சாமி! வந்ததும் வராததுமா அதையா உங்க தலையில கட்டிவிட்டாங்க? அப்ப நான் சொல்றதை நல்லாக் கேட்டுக்கோங்க. காலேஜ் போய்ச் சேர இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். அந்த செக்‌ஷன்லதான் நீமா இருக்கறா.

நீமா முஷி. தான்சானியாப் பொண்ணு. போன வருசம்தான், நேரா மூணாம் வருசத்துல வந்து சேந்தா. நம்ம காலேஜுக்கு இப்ப நாலஞ்சு நாட்டுலருந்து புள்ளைங்க வருது. நேபாளம், பூட்டான், சூடான், தான்சானியான்னு. நல்ல புள்ளைங்கதான். நான் ஒருத்தரையும் குறை சொல்றவ இல்லீங்க. என்னைப் பத்தி நீங்க யாரை வேணா விசாரிச்சுக்கலாம். தங்கவேலை மட்டும் விசாரிக்காதீங்க.

இருபத்தி நாலு வருசமா இந்த சப்ஜெக்ட்டை நடத்தறேன் கண்ணு. என்ற நோட்ஸ் ஈரோட்டு ஜெராக்ஸ் கடை வரைக்கும் போயிருக்குது. நான் சொல்லச் சொல்ல அறுபது பேரும் தலை நிமிராம எழுதுவாங்க. கடைசி அஞ்சு நிமிசம் இருக்கறப்ப, "புரிஞ்சுதா?"ன்னு கேப்பேன். "புரிஞ்சுது மேம்"னு அறுபது பேரும் ஒரே குரல்ல சொல்லுவாங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டாத்தான் எனக்கு மத்தியானம் சோறு எறங்கும்.

அப்படி ஒரு நாள் கேக்கறேன், அறுபது பேரும் சொல்றாங்க, பின்னாடியிருந்து ஒரு குரல் மட்டும் "இல்லை மேடம்"ங்குது.

இருபத்தி நாலு வருசத்துல எனக்கு அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. ஃபேனெல்லாம் நின்ன மாதிரி ஆயிருச்சு. என்ன புரியலைன்னு கேட்டேன். அவ எந்திரிச்சா. இங்கிலீஷ்லதான் பேசுனா, நான் உங்களுக்குத் தமிழ்ல சொல்றேன். "மண்ணு எவ்வளவு பாரம் தாங்கும்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சோம். அப்புறம் அதை மூணால வகுக்கச் சொன்னீங்க. ஏன் மூணு? ரெண்டு ஏன் இல்லை? யாரு முடிவு பண்ணுனது?"

ஏன் மூணாம்! புத்தகத்துல மூணுன்னு போட்டிருக்குது, நான் படிக்கறப்ப எங்க சாரும் மூணுன்னுதான் சொன்னாரு, பரீட்சைப் பேப்பர்லயும் மூணுன்னுதான் வரும். இதுல ஏன்னு கேக்க என்ன இருக்குது? உங்களுக்கு அப்பா ஒருத்தருதான், ஏன் ஒருத்தருன்னு கேப்பீங்களா? நான் கோவப்படலை. "நல்ல கேள்வி, நாளைக்குக் கேளு"ன்னேன். அவ சரின்னுட்டு நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதிக்கிட்டா. எதுக்கு எழுதறான்னு அப்பத் தெரியலை.

மறுநாள் வந்து கேக்கறா கண்ணு! நாளைக்குன்னா நாளைக்கே வருவாளா ஒருத்தி? நம்ம புள்ளைங்ககிட்ட நாளைக்குன்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு அதுங்களுக்குத் தெரியும். இவளுக்குத் தெரியலை. மறுபடி நாளைக்குன்னேன். மறுபடி எழுதிக்கிட்டா. அந்த செமஸ்டர் பூரா இதே கதைதான்.

இந்த சமயத்துலதான் பிரின்சிபால் கூப்பிட்டு விட்டாரு. "தரம் பாக்க பிப்ரவரியில கமிட்டி வருது. வெளிநாட்டுப் புள்ளைங்க படிச்ச முறை வேற, நம்ம முறை வேற. அதுக்குத் தக்கன நாம எப்படி மாத்திக்கிட்டோம்னு கேப்பாங்க. நீங்கதான் பன்னாட்டு மாணவர் கற்பித்தல் ஒருங்கிணைப்பாளர்"னாரு. சொல்லிட்டு இன்னொண்ணும் சொன்னாரு. "மே மாசம் எச்.ஓ.டி. ரிட்டையர் ஆகறாரு. கமிட்டி உங்க கிளாஸைத்தான் வந்து பாக்கும். அது நல்லபடியா முடிஞ்சுதுன்னா அந்த நாற்காலி உங்களுக்குத்தான்." இருபத்தி நாலு வருசம் அதுக்குத்தானே காத்திருந்தேன்? எங்க வீட்டுக்காரர்கிட்டக்கூடச் சொல்லலை, கண்ணு பட்டுருமேன்னு.

ரெண்டு நாள் பயிற்சிக்கு அனுப்புனாங்க. ஏசி ஹால், மத்தியானம் நல்ல சாப்பாடு. ஒரு அம்மா வந்து அருமையாப் பேசுனாங்க. ஒவ்வொரு நாட்டுப் புள்ளையும் ஒவ்வொரு விதமாப் படிச்சுப் பழகியிருக்கும், சிலது கேட்டுப் படிக்கும், சிலது பேசிப் படிக்கும், வாத்தியாருங்கதான் அதுக்குத் தக்கன மாறிக்கோணும்னு. எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஒரு வரி விடாம எழுதிக்கிட்டு வந்து மறுநாளே பி செக்‌ஷனுக்கு டிக்டேட் பண்ணிட்டேன்.

அதோட விட்டனா? ஒரு சார்ட்டு தயார் பண்ணுனேன். லேமினேஷன் போட்டு கிளாஸ்லயே மாட்டுனேன். நேபாளம்: சிரித்த முகம், கணக்கில் கவனம் தேவை. பூட்டான்: தலை நிமிர மாட்டார்கள், நல்ல பிள்ளைகள். தான்சானியா: கேள்வி கேட்பார்கள், எச்சரிக்கை. பிரின்சிபால் பாத்துட்டு அசந்துட்டாரு. இடம், நேரமெல்லாம் பதிவாகற மாதிரி போட்டோ எடுத்து ஃபைல்ல வெச்சோம்.

நீமா அந்தச் சார்ட்டு முன்னாடி ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் வந்து, "மேடம், எத்தனை தான்சானியாக்காரங்களைப் பாத்து இதை எழுதுனீங்க?"ங்கறா. உன்னைத்தான்னேன். "ஒரே ஒரு எடத்துல குழி போட்டு மண்ணெடுத்துட்டு ஊருக்கே ரிப்போர்ட் எழுதக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் நோட்ஸ் குடுத்தீங்க? குறைஞ்சது அஞ்சு குழியாச்சும் போடோணும்னீங்களே?"

என்ற நோட்ஸை வெச்சே என்னை மடக்கறா, பாருங்க! ஆனா ஒண்ணு, அந்த நோட்ஸ் அவளுக்கு நல்லா மனசுல நின்னிருக்குது. அது என்ற திறமை.

அவளுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லீங்க. சனிக்கிழமை சனிக்கிழமை வெளிநாட்டுப் புள்ளைங்களுக்குன்னு தனி கிளாஸ் எடுத்தேன். எப்படி மார்ஜின் போடறது, எங்க அடிக்கோடு போடறது, பதினாறு மார்க் கேள்வியை எப்படி ஏழு பக்கத்துக்கு இழுக்கறதுன்னு ஒண்ணு ஒண்ணாச் சொல்லிக் குடுத்தேன். பூட்டான் பையன் ஸோனம் ரெண்டே வாரத்துல பிடிச்சுக்கிட்டான். இவ அரைப் பக்கம் எழுதிட்டு பேனாவை மூடிருவா. எழுதுனது சரியாத்தான் இருக்கும், இல்லீங்கலை. ஆனா அரைப் பக்கத்துக்கு எப்படிக் கண்ணு பதினாறு மார்க் போடறது? பேப்பர் திருத்தறவங்க என்னைக் காறித் துப்ப மாட்டாங்களா? ஆறு போட்டேன். இன்டர்னல் மார்க்லயும் ஒரு அஞ்சு குறைச்சேன். கெட்ட எண்ணத்துல இல்லீங்க. பழகோணுமில்ல? அவ நம்ம முறைக்குப் பழகறதுக்கு நான் என்னை எவ்வளவு மாத்திக்கிட்டேன்னு யாரும் பாக்கலை.

சரி, கமிட்டி வர்ற நாளு வந்துருச்சு. அதுக்கு முந்தின நாள் பிரின்சிபால் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாரு. "இப்பெல்லாம் வாத்தியார் மட்டும் பேசுனா மார்க் குறைச்சுருவாங்க. புள்ளைங்க கேள்வி கேக்கோணும், கலந்து பேசோணும்." நம்ம பசங்க எங்க கேள்வி கேப்பாங்க? பாவம், வளத்த விதம் அப்படி. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன் கண்ணு. தமிழ்நாட்டுலயே யாரும் பண்ணியிருக்க மாட்டாங்க.

சந்தேகங்களை டிக்டேட் பண்ணுனேன்.

சிரிக்காதீங்க. பன்னெண்டு சந்தேகம். நம்பர் போட்டு, பக்கத்துலயே யாரு கேக்கோணும்னு பேரு போட்டு, அதுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்ங்கறதும் சேத்து எழுத வெச்சேன். மத்தியானமே ரெண்டு தடவை ஒத்திகையும் பாத்தாச்சு. கேக்கறப்ப நெத்தியைக் கொஞ்சம் சுருக்கோணும்னு அதுகூடச் சொல்லிக் குடுத்தேன். வெளிநாட்டுப் புள்ளைங்களையும் விட்டுறக் கூடாதுன்னு ஏழாவது சந்தேகத்தை நீமாவுக்குக் குடுத்தேன். ரொம்பச் சுலபமானது. "மேடம், மண்ணின் தாங்குதிறனை எந்த அலகில் அளக்கிறோம்?" அவ்வளவுதான்.

"மேடம், இது எனக்குத் தெரியுமே"ங்கறா.

"தெரிஞ்சாலும் கேக்கோணும்"னேன்.

"தெரிஞ்சதைத் தெரியாத மாதிரிக் கேட்டா அது பொய்யில்லையா?"

"பொய்யில்லைம்மா, பங்கேற்பு"ன்னேன். "அப்ப எனக்குத் தெரியாததை எப்பக் கேக்கறது?"ன்னா. பழக்க தோசத்துல என்ற வாயில "நாளைக்கு"ன்னு வந்துருச்சு. அந்த ஒரு வார்த்தைதான் கண்ணு என்னைக் கவுத்துப் போட்டுருச்சு.

மறுநாள் காலையில பதினோரு மணி. கமிட்டியில மூணு பேரு, பிரின்சிபால், எல்லாரும் வந்து பின்னாடி பெஞ்சுல உக்காந்தாங்க. மூணு பேர்ல கோஷின்னு ஒரு பெரியவரு, திருவனந்தபுரத்துக்காரரு. ஒல்லியா, பேசாம, ஒரு மாதிரிப் பாத்துக்கிட்டே இருப்பாரு. நான் பாடத்தை ஆரம்பிச்சேன். அருமையாப் போச்சு. முத சந்தேகம் வந்துது, நான் பதில் சொன்னேன். ரெண்டாவது சந்தேகத்தை அந்தப் பையன் பாதி கேக்கறதுக்குள்ள நான் பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். அது என்ற தப்புதான், ஒத்துக்கறேன். நாலாவது சந்தேகத்தை ஒரு பொண்ணு எந்திரிச்சுட்டு மறந்துபோய் நிக்குது. மறந்தா நிக்கட்டுமே? கிளாஸ் பூராவும் மெதுவா எடுத்துக் குடுக்குது! ஒருத்தியோட சந்தேகம் அறுபது பேருக்கும் மனப்பாடமா இருக்குது. கோஷி சாரு மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைக்க ஆரம்பிச்சுட்டாரு.

ஏழாவது வந்துது. நீமா எந்திரிச்சா. நிக்கறா. நான் கண்ணுலயே சொல்றேன், கேளும்மா, கேட்டுத் தொலைம்மான்னு. கோஷி சாரு, "என்ன, சொல்லு"ன்னாரு.

"சார், எனக்குக் குடுத்த சந்தேகத்துக்குப் பதில் எனக்குத் தெரியும். அதுக்குப் பதிலா என்னோட சந்தேகத்தைக் கேக்கலாமா? மேடம் நாளைக்குக் கேக்கலாம்னு சொன்னாங்க. இன்னிக்குத்தான் அந்த நாளைக்கு."

பிரின்சிபால் மொகம் செத்துப் போச்சு. கோஷி சாரு, "உன் சந்தேகம் எது?"ன்னாரு.

"எதைக் கேக்கட்டும் சார்? நாப்பத்தொண்ணு இருக்கு"ன்னு அந்த நோட்டோட கடைசிப் பக்கத்தைத் திருப்பறா. தேதி வாரியா எழுதி வெச்சிருக்கறா! அந்த மனுசன் எந்திரிச்சு வந்து அந்த நோட்டை வாங்கி, நின்னுக்கிட்டே படிச்சாரு. படிக்கப் படிக்கச் சிரிப்பு வருது அவருக்கு. "ஏன் மூணு?" அதுதான் முத கேள்வி. நேரா வந்து என்ற கையிலருந்து சாக்பீஸை வாங்கிட்டாரு கண்ணு. "கலாமணி, கொஞ்சம் உக்காருங்க"ன்னாரு. என்ற கிளாஸ்ல, என்ற போர்டுல!

என்ன பெருசாச் சொல்லிப்போட்டாரு? "பூமிக்கு அடியில என்ன இருக்குதுன்னு நமக்கு முழுசாத் தெரியாது. நாலு எடத்துல தோண்டிப் பாத்துட்டு மீதியை யூகிக்கறோம். நமக்குத் தெரியாததுக்காகத்தான் மூணால வகுக்கறோம். நல்லாத் தெரிஞ்ச எடத்துல குறைச்சுக்கலாம். அந்த மூணு மண்ணைப் பத்தினது இல்லை, நம்மளைப் பத்தினது." இவ்வளவுதான். இதை அவ அப்பவே கேட்டப்ப நானே சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியாதுங்கறது வேற விசயம்.

இதோட முடிஞ்சிருந்தாலும் நான் சமாளிச்சிருப்பேன். வெளிநாட்டுப் பொண்ணு, பழக்கம் வேற, ஆர்வக்கோளாறுன்னு ஃபைல்ல எழுதியிருப்பேன். ஆனா அப்பப் பாத்து முத பெஞ்சுல ஒரு கை எந்திரிச்சுது. யாருன்னு பாத்தா நவநீதன்.

நவநீதன் யாரு தெரியுமா? யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கப் போறவன். அப்பா பவானிப் பக்கம் லாரி ஓட்டறாரு. முத வருசத்துலருந்தே அவங்க கிளாஸுக்கு ஏதாச்சும் ஒரு பேப்பர் எனக்கு வந்துரும், மூணு வருசமா என்ற நோட்ஸை ஒரு புள்ளி கமா விடாம எழுதறவன். என்ற சப்ஜெக்ட்ல தொண்ணூத்தேழு. அந்தத் தொண்ணூத்தேழையும் போட்டது நான்தான். எனக்கு அவனைப் பாத்ததும் உசுரு வந்துது. அப்பாடா, நம்ம பையன் எதையாச்சும் பிரமாதமாக் கேட்டு மானத்தைக் காப்பாத்தப் போறான்னு நினைச்சேன்.

"சார், தமிழ்ல கேக்கலாமா?"ன்னான். கோஷி சாரு தாராளமாக் கேளுன்னாரு. அவன் என்னை ஒரு தடவை பாத்தான். பாத்துட்டுக் கேட்டான். "சார், தாங்குதிறன் தாங்குதிறன்னு சொல்றோமே, அப்படின்னா உண்மையா என்ன சார்?"

முத நாள், முத பக்கம், முத வரி கண்ணு அது! நான் டிக்டேட் பண்ணுன முத வரி!

அப்புறம் என்ன, ரேஷன் கடையில சர்க்கரை வந்த மாதிரி ஆளாளுக்குக் கையைத் தூக்கறாங்க. தலையே நிமிராத ஸோனம்கூடத் தூக்குனான். மண்ணுன்னா என்ன, களிமண்ணு ஏன் உப்புது, எங்க வீட்டுச் சுவரு ஏன் வெடிச்சிருக்குதுன்னு. அம்பது நிமிசம். கமிட்டிக்கு ஆர்டர் பண்ணுன மத்தியானச் சாப்பாடெல்லாம் ஆறி அவலாப் போச்சு. நான் ஜன்னல் ஓரமா நின்னுக்கிட்டே இருந்தேன். நான் நிக்கறதை ஒருத்தரும் கவனிக்கலை. அவ்வளவு சந்தோசமா இருந்தாங்க.

ரிப்போர்ட் வந்துது. என்ன எழுதியிருந்தாங்க தெரியுமா? "மூன்றாம் ஆண்டு பி பிரிவில் சிறப்பான கலந்துரையாடல் நடைபெற்றது. ஆசிரியர் ஓரமாக நின்று ஒத்துழைத்தார்." ஒத்துழைத்தாராம்! காலேஜுக்கு நல்ல கிரேடு கிடைச்சுருச்சு. பிரின்சிபால் மாலை போட்டுக்கிட்டாரு. இப்ப எல்லா டிபார்ட்மெண்ட்லயும் சந்தேக ரெக்கார்டு நோட்டுன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். வாரம் அஞ்சு சந்தேகம் எழுதி கையெழுத்து வாங்கோணும், உங்ககிட்டயும் குடுப்பாங்க. நாற்காலி மட்டும் தங்கவேலுக்குப் போயிருச்சு. அந்த ஆளு கிளாஸுக்கே போக மாட்டாரு. அதனால அவரு கிளாஸ்ல ஒரு தப்பும் நடந்ததில்லை.

நீமா மேல எனக்குக் கோவம் இருந்துது. ஆனா அவளை நான் எதுவும் கேக்கலை. அவ ஊரு அப்படி, அவ படிச்ச விதம் அப்படி. நான் கேட்டது நவநீதனைத்தான். தங்கவேலுக்கு எச்.ஓ.டி. ஆர்டர் வந்த அன்னிக்கு அவனைக் காரிடார்ல நிறுத்திக் கேட்டேன். "ஏண்டா, நீ என்ற புள்ளை மாதிரிடா. மூணு வருசமா முத பெஞ்சுல உக்காந்திருக்கற. புரியலைன்னா என்கிட்ட ஒரு தடவை கேக்கக் கூடாதா?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டே மெதுவாச் சொன்னான். "கேட்டா உங்களுக்குச் சங்கடமாயிரும்னுதான் மேம் கேக்கலை. ஃபர்ஸ்ட் இயர்லயே நாங்க எல்லாரும் பேசி முடிவு பண்ணிக்கிட்டோம். உங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு."

பாத்தீங்களா கண்ணு? அறுபது புள்ளைங்க, ஒருத்தன் பாக்கியில்லாம, எனக்காக மூணு வருசம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்குதுங்க. இந்தப் பண்பு எந்த நாட்டுல வரும்? தான்சானியாவுல வருமா? அவனைத் தட்டிக் குடுத்து அனுப்பிட்டு, ஸ்டாஃப் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திட்டு அழுதேன். ஒரு பீரியடு முழுக்க அழுதேன். எச்.ஓ.டி. போஸ்ட்டு போச்சேன்னுதான் அழுதேன். வேற எதுக்கு அழப்போறேன், சொல்லுங்க?